பயணிகளின் அங்கி பலிபீடம் ஏறிய கதை

திருப்பலியில் குருவானவர் எல்லாவற்றுக்கும் மேலே அணியும் அகன்ற ஆடை, கோயிலுக்கென்றே பிறந்ததல்ல. ரோமானியர் மழைக்கும் பயணத்துக்கும் தலைவழியே மாட்டிக்கொண்ட ‘பேனுலா’ என்ற மேலங்கியின் வழிவந்தது அது. ஊர் வழக்கம் மாறியது, வழிபாடு மாறவில்லை. அதனாலேயே அன்றாட உடை திருவுடை ஆயிற்று. இத்தாலியின் ராவென்னாவில், சான் விட்டாலே கோயிலின் 6ஆம் நூற்றாண்டு மொசைக்கில் ஆயர் மாக்சிமியன் அணிந்திருப்பதும் இதுதான். சிலுவை ஏந்திய கையிலிருந்து துணி மடிந்து விழுவது அந்தச் சில்லுகளிலும் தெரிகிறது.

ஏழையாக வாழ்ந்த இயேசுவின் பூசைக்கு இந்த அலங்காரம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி பழையது. ஆயர்கள் உடையால் அல்ல, போதனையாலும் நடத்தையாலும் தனித்துத் தெரியவேண்டும் என்று 428இல் திருத்தந்தை முதலாம் செலஸ்தீன் கோல் நாட்டு ஆயர்களைக் கண்டித்து எழுதினார். மிகை இந்த ஆடையைக் கெடுத்ததும் உண்மை: பிற்காலத்தில் பொன்னிழை வேலைப்பாடு கனத்து விறைக்க, கை அசைவதற்காகப் பக்கங்களை வெட்டினார்கள்; மடிப்பழகு போயிற்று. ஆனால் அது பகட்டின் குற்றம், ஆடையின் குற்றமல்ல. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டதும் ஆடம்பரத்தை அல்ல, மேன்மையான அழகைத்தான். அணிபவரின் சொந்த உடையை மூடி, அவர் ஏற்ற பணியை முன்னிறுத்துவதே இந்த ஆடையின் வேலை. அதற்கு எளிய பருத்தியே போதும்.