சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர் புளியங்குடி. சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள இவ்வூர்ச் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழம் வெளியூர்களுக்கும் கேரளத்துக்கும் போகிறது. ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் போகிற பழம் உண்டு. வண்டிச் சக்கரத்தின் அடியில் நசுங்குவதற்கென்றே வாங்கப்படும் பழமும் உண்டு. புது மோட்டார் சைக்கிளிலிருந்து லாரி வரை எதுவும் இந்தச் சடங்குக்குத் தப்புவதில்லை.

ஆகாய விமானமும் தப்பவில்லை. 2019 அக்டோபர் 8ஆம் நாள், பிரான்சு நாட்டின் மெரினாக் நகரில் முதல் ரஃபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்ட பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், அதற்குப் பூஜை செய்தார். சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழங்கள் வைக்கப்பட்டன. சிலர் கேலி செய்தனர். சிலர் மரபு என்று பரிந்து பேசினர். பழம் நசுங்கியதால் விமானத்துக்குக் கேடு ஒன்றும் இல்லை. ஆனால், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் ஓர் இயந்திரத்தின் பாதுகாப்பு பற்றி நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மக்கள் மனத்தில் பதிந்த படம் அந்தப் பழந்தான். நமது குறை அங்கேதான் தொடங்குகிறது.

நம்பிக்கைகள் எல்லாம் ஒரே அளவு அபாயமானவை அல்ல. மனத்துக்குள் நிற்பவை உண்டு. கவனத்தைக் கலைப்பவை உண்டு. இயந்திரத்தையே தொடுபவை உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஏசுவதும் தவறு. எல்லாவற்றையும் 'போகட்டும்' என்று விடுவதும் தவறு. 2025 செப்டம்பரில் டில்லியில் ஒருவர், கடையின் முதல் மாடியில் நின்ற புதுக் காரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற முயன்றார். ஆக்ஸிலரேட்டரை அளவுக்கு மீறி மிதித்துவிடவே, கார் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு தெருவில் விழுந்தது. பழத்தின் மேல் இருந்த கண், காலின் மேல் இல்லை.

ஒன்பது நாணயங்கள்

இயந்திரத்தையே தொடும் நம்பிக்கைக்குச் சீனாவில் உதாரணம் கிடைக்கிறது. 2017 ஜூன் 27 அன்று ஷாங்காய் விமான நிலையத்தில், 80 வயது மூதாட்டி ஒருவர், பயணம் நலமாக அமைய வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, ஏறப்போகும் விமானத்தின் இயந்திரத்தை நோக்கி ஒன்பது நாணயங்களை எறிந்தார். ஒன்று உள்ளே போய்விட்டது. சுமார் 150 பயணிகள் இறக்கப்பட்டனர். இயந்திரத்தைச் சோதித்து விமானம் புறப்பட ஐந்து மணி நேரத்துக்கும் மேலாயிற்று. 2019 பிப்ரவரியில் ஆன்சிங் நகரில் ஓர் இளைஞர் இதையே செய்தார். பயணம் ரத்தாயிற்று, நீதிமன்றம் அவரைச் சுமார் 1,20,000 யுவான் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 மார்ச்சில் சான்யாவில் இதே செயலால் மற்றொரு விமானம் நான்கு மணி நேரம் தாமதமானது.

ஒரு சிறு நாணயத்துக்கா இத்தனை அமளி என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர ஜெட் விமானம் ஒன்றின் முன்விசிறி சுமார் 1.7 மீட்டர் விட்டமுள்ளது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,000 முறை சுழல்கிறது. அப்படியானால் விசிறித் தகட்டின் நுனி நொடிக்கு 450 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒலியின் வேகமோ 340 மீட்டர்தான். ஐந்து கிராம் நாணயம் ஒன்றின் மீது இந்த வேகத்தில் தகடு மோதினால், ஐந்து கிலோ கல் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு நிகரான ஆற்றல் ஓர் அங்குலப் பரப்பில் இறங்குகிறது. தகடு உடனே உடையாமல் போகலாம்; ஒரு சிறு வடு மட்டும் விழலாம். சுழற்சியின் இழுப்பால் அந்த வடு மெல்ல மெல்ல விரிசலாக வளரும். பாதுகாப்புக்காக எறிந்த நாணயமே பாதுகாப்பைக் குலைத்துவிடும்.

ஆடும் தகடும்

2016 டிசம்பர் 7 அன்று பாகிஸ்தானில் சித்ராலிலிருந்து இஸ்லாமாபாத் சென்ற ஏ.டி.ஆர். விமானம் விழுந்து 47 பேரும் மாண்டனர். அவ்வகை விமானங்கள் சோதனைக்காக நிறுத்தப்பட்டு, மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, இஸ்லாமாபாத் விமான நிலையத்தில் விமானத்தின் அருகிலேயே ஒரு கறுப்பு ஆடு பலியிடப்பட்டது. நேபாளத்திலும் 2007இல், பழுதடைந்த போயிங் 757 விமானத்துக்காக இரண்டு ஆடுகள் பலியாயின.

பாகிஸ்தான் விபத்துக்கு உண்மையான காரணம் என்ன? 2020இல் வெளியான விசாரணை அறிக்கை அதைச் சொல்லிற்று. ஆயுள் முடிந்தும் மாற்றப்படாத ஒரு டர்பைன் தகடு உடைந்ததில் அந்த விபத்துத் தொடங்கியது. இதை வெளிக்கொணர்ந்தது ஆண்டுக்கணக்கான ஆய்வு. மதத்தையும் தேசத்தையும் தாண்டிய பாடம் இது. சடங்கு முடிந்தவுடன் 'செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்' என்ற நிறைவு வந்துவிடுகிறது. அந்த நிறைவுதான் அபாயம்.

கற்பூரமும் கொப்பரையும்

நம் பக்கத்துக்கு வருவோம். கார்த்திகை பிறந்தால் தென்காசி, செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குச் செல்வோர் கூட்டம் பெருகும். ரயில் பெட்டிக்குள் கற்பூரம் ஏற்ற வேண்டாம் என்று தெற்கு ரயில்வே எச்சரிக்கிறது. அது ரயில்வே சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். மூடிய பெட்டியில் தீ என்ன செய்யும் என்பதை 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் கண்டோம். யாத்திரைப் பெட்டிக்குள் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் மூண்ட தீயில் ஒன்பது பேர் இறந்தனர். அங்கே எரிந்தது கற்பூரமன்று. ஆனால் தீக்குப் பக்தியும் பசியும் ஒன்றுதான்.

விமானத்தில் நிலைமை இன்னும் கடுமை. 1980 ஆகஸ்டு 19 அன்று ரியாத்தில், சரக்கு அறையில் தீப்பிடித்த சவூதி விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. எனினும் கதவு திறக்கத் தாமதமாகி 301 பேரும் மாண்டனர். ஆகவேதான் விமானத்தில் கற்பூரம் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு. கொப்பரையும் அபாயப் பொருளே. எண்ணெய்ச் சத்து மிகுந்த அது, காற்றோட்டமின்றிக் குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

விதிகள் பக்திக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். 2024 அக்டோபரில் விமானப் பாதுகாப்புத் துறை, சோதனைக்கு உட்பட்டு இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுசெல்ல 2025 ஜனவரி 20 வரை அனுமதி தந்தது. எது அபாயம், எது அபாயமில்லை என்று பிரித்தறிந்து எடுத்த முடிவு அது.

பதின்மூன்றாம் வரிசை

குறை பயணிகளிடம் மட்டுமன்று. ஜெர்மனியின் லுஃப்தான்சா விமானங்களில் 13, 17 ஆகிய எண்களுக்கு வரிசையே இல்லை. 17 இத்தாலியரின் ஆகாத எண். பன்னிரண்டுக்கு அடுத்த வரிசைக்குப் பதினான்கு என்று பெயரிட்டால், அது பதின்மூன்றாவது வரிசையாக இல்லாமல் போய்விடுமா? இதனால் விபத்து நேராது என்பது உண்மைதான். ஆனால், எண்ணுக்குப் பயப்படுவது சரியே என்று விஞ்ஞானத்தால் பிழைக்கும் நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. பிறகு நாணயம் எறியும் பாட்டியை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது.

சடங்கும் சரிபார்ப்பும்

விமானிகளும் புறப்படுமுன் ஒரே வரிசையில், ஒரே சொற்களைச் சொல்லிச் சில காரியங்களைச் செய்கிறார்கள். பார்ப்பதற்கு அதுவும் சடங்கு போலத்தான் இருக்கும். 1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவில் போயிங் 299 என்ற சோதனை விமானம், வால் பகுதியின் பூட்டை விடுவிக்க மறந்ததால் விழுந்தது. அதிலிருந்து பிறந்ததே சரிபார்ப்புப் பட்டியல். அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் தெரிந்த காரணம் ஒன்று இருக்கிறது. பயனில்லை என்று தெரிந்தால் வரி நீக்கப்படும். புதிய அபாயம் தெரிந்தால் வரி சேர்க்கப்படும். எலுமிச்சம்பழத்தை யாரும் இப்படிச் சோதித்ததில்லை.

முதன்முறையாக மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ விமானம் ஏறி வளைகுடாவுக்குச் செல்லும் நம் ஊர் இளைஞனுக்கு நெஞ்சு படபடப்பது இயற்கை. கேலி அந்தப் பயத்தைப் போக்காது. மனத்துக்குள் வேண்டிக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கைக்கும் கண்ணுக்கும் வேறு வேலை இருக்கிறது. பணிப்பெண் சொல்வதைக் கேளுங்கள். பட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள். உங்கள் இருக்கையிலிருந்து அவசர வாயிலுக்கு எத்தனை வரிசை என்று எண்ணி வையுங்கள். புகையில் கண் தெரியாதபோது அந்த எண்ணிக்கைதான் வழிகாட்டும். வெளியேறச் சொன்னால் பையைத் தேடாதீர்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா நிலையத்தில் மோதித் தீப்பிடித்த ஜப்பான் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறியது, சொன்னபடி நடந்ததால்தான்.

புளியங்குடி எலுமிச்சம்பழம் அருமையான பழம். அதைச் சாறு பிழிந்து பருகுவோம்; சக்கரத்தடியில் வைப்பதற்குமுன் சக்கரத்தின் காற்றையும் பிரேக்கையும் பார்ப்போம்.