கரும்பலகையின் வலது மூலை

பத்தாம் வகுப்பு முடித்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆனதை ஒட்டி எங்கள் செட் மொத்தமும் ஒருநாள் கூடினோம். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு விழா மலர் கொடுத்தார்கள். அதில் பழைய வகுப்புத் தோழர் ஒருவர், பள்ளி நாட்கள் கற்றுத்தந்த சின்னச் சின்னப் பாடங்களைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தார். பரீட்சை நடுவில் மை தீர்ந்தவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் தன் பேனாவைத் திருகி நாலு சொட்டு விட்டது, டிபன் பாக்ஸ் மூடியில் புளிச்சோற்றைப் பங்கு வைத்தது, இரவல் வாங்கிய காம்பஸைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தது. எல்லாம் உண்மை. படித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் மூன்றாம் பக்கத்தில், ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர் பெயரை கிளாஸ் லீடர் கரும்பலகையில் எழுதும் பழக்கத்தையும் அந்த நல்ல பாடங்களோடு சேர்த்திருந்தார். அதுதான் நமக்கு ஒழுங்கையும் தலைமைப் பண்பையும் தந்தது, இன்றைய பள்ளிகள் அதைக் கைவிட்டால் பிள்ளைகளுக்குத்தான் இழப்பு என்பது அவர் வாதம். விழாவில் அதையே ஒரு நாடகமாகவும் போட்டார்கள். தலை நரைக்கத் தொடங்கியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சளசளக்க, ஒருவர் சாக்பீஸால் பெயர்களை எழுதினார். மண்டபம் கைதட்டியது.

என்னால் கைதட்ட முடியவில்லை. இந்தப் பழக்கத்தின்மேல் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் நேற்று வந்ததல்ல.

நடைமுறையை விளக்க வேண்டியதில்லை. போர்டின் மேற்பகுதியில் நாள், பாடம், பதிவு, வருகை. வலது மூலையில் ஒரு கோடு கிழித்து 'பேசியவர்கள்'. ஒருமுறை எழுதியபின் மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இன்னொன்று. எத்தனை குறியோ அத்தனை அடி, அல்லது அத்தனை பக்கம் இம்போசிஷன்.

இதன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓர் ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளிகள் உண்டு. புள்ளிவிவரம் கேட்டு மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தால் பாடத்தை நடுவில் விட்டுவிட்டு ஆபீஸ் ரூமுக்கு ஓட வேண்டியவர் அவர்தான். பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு நடக்கும்போது ஐம்பது பிள்ளைகளின் சத்தம் யாருக்கும் தொல்லைதான். நோட்டு அடுக்குவது, சாக்பீஸ் வாங்கி வருவது, யார் வரவில்லை என்று சொல்வது போன்ற வேலைகளை ஒரு மாணவனிடம் ஒப்படைப்பதில் தவறில்லை. அவற்றால் பொறுப்பு வளரும் என்பதும் சரி. என் சண்டை அந்த வலது மூலையோடு மட்டும்தான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையின் வாரிசே கிளாஸ் லீடர், ஆகவே இது நம் மரபு என்றும் மலரில் ஒரு வரி இருந்தது. பாதி சரி. திண்ணைப் பள்ளியில் ஒரே வாத்தியார், பல வயதுப் பிள்ளைகள். மூத்தவன் இளையவனுக்கு மணலில் எழுத்து போட்டுக் காட்டினான், எண்சுவடியை அவன் முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள், மனப்பாடம் ஒப்பிக்கும்போது பிழை பார்த்தான். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்தப் பள்ளி புதிதல்ல. சட்டாம்பிள்ளையைப் புனிதனாக்க நான் வரவில்லை. அவன் கையிலும் பிரம்பு இருந்தது. ஆனால் அவனுக்கு அதிகாரம் வந்தது அவன் இரண்டு பாடம் முன்னால் போயிருந்ததால். மற்றவர்களுக்கு அவன் எதையாவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும் இந்த வழக்கம் சென்னையிலிருந்து கப்பலேறிய கதையும் உண்டு. 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அந்தச் சோதனையைப் பற்றி அவர் 1797இல் லண்டனில் வெளியிட்ட சிறுநூலால் அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர்.

பெல்லிடம் ஒரு கறுப்புப் புத்தகமும் இருந்தது. சோம்பல், குறும்பு, சண்டை எல்லாம் அதில் பதிவாகும். ஆனால் பதிவானதோடு கதை முடியாது. வாரத்துக்கு ஒருநாள் அது பள்ளிக்கு முன்னால் வாசிக்கப்படும். குற்றம் சாட்டப்பட்டவனை விசாரித்து முடிவு சொல்ல அவன் வயதுப் பிள்ளைகளே நடுவர்களாக உட்காருவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், ராணுவ விடுதியில், அநாதைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த விசாரணை எங்கள் வகுப்பில் யாருக்கும் கிடைத்ததில்லை. சட்டாம்பிள்ளையிடமும் ஃபிரிஸ்கனிடமும் இருந்த சொல்லிக்கொடுக்கும் வேலை போனது, பெல்லின் விசாரணையும் போனது. கண்காணிப்பு மட்டும் மிஞ்சியது. மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை மரபு என்று சொல்வது மரபுக்கே செய்யும் அநியாயம்.

இனி நான் சொல்ல வேண்டியது என்னைப் பற்றி. ஒன்பதிலும் பத்திலும் நான்தான் லீடர்.

கடைசி பெஞ்சில் ஒருவன் இருந்தான். வாரத்தில் மூன்று நாளாவது அவன் பெயர் மூலையில் இருக்கும், எழுதுவது என் கை. ஒருநாள் கணக்கு வாத்தியார் போர்டில் நாலு கணக்கு எழுதிப் போட்டுவிட்டு வெளியே போனார். அவன் முன்னால் இருந்தவனின் முதுகைத் தட்டி ஏதோ கேட்டான். பெயரை எழுதினேன். மறுபடி கேட்டான். குறி போட்டேன். எழுந்து, "நான் பேசலடா, சந்தேகம் கேட்டேன்" என்றான். எதிர்த்துப் பேசியதற்கு இன்னொரு குறி. வாத்தியார் வந்தார், மூலையைப் பார்த்தார், பிரம்பை எடுத்தார். அவனிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவனைக் கண்ணாடியோடு பார்த்தேன். ரொம்ப நாளாகவே தூரத்து எழுத்து தெரியாதாம், வீட்டில் யாரும் கவனிக்கவில்லையாம். போர்டில் இருந்த கணக்கைத்தான் அன்றைக்கும் அவன் முன்னால் இருந்தவனிடம் கேட்டிருக்கிறான். தன்னால் படிக்க முடியாத போர்டைப் பற்றிக் கேட்டதற்காக அவன் பெயரை அதே போர்டில் எழுதியிருக்கிறேன்.

இதைத் தற்செயலான ஒரு தவறு என்று ஒதுக்கிவிடலாம். நானும் பல வருடம் அப்படித்தான் ஒதுக்கினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தவறு அந்தப் பட்டியலின் அமைப்பிலேயே இருக்கிறது. என்ன பேசினான் என்று எழுத அதில் இடம் இல்லை. ஸ்கேல் கேட்டவன், பக்கத்தில் இருப்பவனின் அம்மாவைத் திட்டியவன், விடை சொல்லிக்கொடுத்தவன், வயிறு வலிக்கிறது என்றவன் எல்லாரும் அங்கே ஒன்று. ஒரு பிள்ளை புரியாததை இன்னொரு பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வகுப்பறையில் நடக்கும் மிகப் பழைய படிப்பு. மணலில் எழுதிய காலத்திலிருந்து வந்த படிப்பு அது. அதற்குத்தான் முதல் குறி விழுகிறது.

தலைமைப் பண்பு கற்றேனா? கற்றது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவனை யாரும் ஏன் எழுதினாய் என்று கேட்க மாட்டார்கள் என்று கற்றேன். பட்டியல் காலியாக இருந்தால் சார் என்னைச் சந்தேகப்படுவார், ஆகவே நாலு பெயராவது இருக்க வேண்டும் என்று கற்றேன். யார் பெயரை எழுதினால் வம்பு வராது என்றும் கற்றேன். கபடி டீம் பையன்கள் பெயரை எழுதினால் சாயங்காலம் சைக்கிளில் காற்று இருக்காது. ஊரில் நாலு பேர் மதிக்கும் வீட்டுப் பையன் பெயரை எழுதினால் சாரே தயங்குவார். தேன்மிட்டாயும் கடலை உருண்டையும் வந்தால் பெயர் அழியும். கேட்க ஆள் இல்லாதவன் பெயர் மட்டும் கடைசிவரை நிற்கும். பதினான்கு வயதில் நான் இதை ஒரு தாசில்தாரைப் போல் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தேன். இந்தக் கல்வியை எனக்கு யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித் தரவில்லை. சாக்பீஸ் தந்தது.

சாக்பீஸ் யார் கைக்குப் போகிறது என்பதும் சின்ன விஷயம் அல்ல. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்று 2024இல் தந்த அறிக்கையில் சொன்னது. பெஞ்சில் யார் எங்கே இருப்பது என்பதில்கூட ஊரின் கணக்கு நுழையும் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னார்கள். பெஞ்சுக்கு அவ்வளவு கவலை வேண்டுமென்றால், பெயர் எழுதும் கைக்கு எவ்வளவு வேண்டும்?

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றும் கேடு ஒன்று உண்டு. லீடரை வகுப்பு வெறுக்கும். போட்டுக்கொடுப்பவன், கோள்மூட்டி என்று பெயர் வைக்கும். அந்த வெறுப்பு நியாயமானதுதான், ஆனால் அது லீடரோடு நிற்பதில்லை. ஆசிரியரிடம் போய் எதையாவது சொல்வதே கேவலம் என்ற எண்ணம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறாம் வகுப்பிலேயே ஊறிவிடுகிறது. பிறகு ஒருநாள் உண்மையிலேயே சொல்ல வேண்டியது வரும். ஒருவனை நாலு பேர் சேர்ந்து கழிப்பறைப் பக்கம் வைத்து அடிப்பார்கள், சாதியைச் சொல்லித் திட்டுவார்கள், பெரியவர் ஒருவர் தொடக்கூடாத இடத்தில் தொடுவார். அப்போது அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. திறந்தால் தானும் போட்டுக்கொடுத்தவனாகிவிடுவோம் என்று பயப்படும். பள்ளிச் சுவரில் 1098, 14417 என்று உதவி எண்களை எழுதி வைத்திருக்கிறோம். நல்லது. அதே கட்டடத்துக்குள் பத்து வருடமாகச் சொல்லுதலையும் காட்டிக்கொடுத்தலையும் ஒன்றாக்கிக் காட்டிவிட்டு, பிள்ளை அந்த எண்ணை அழைக்கும் என்று எப்படி எதிர்பார்க்கிறோம்?

இப்போது அடி இல்லையே, வெறும் பெயர்தானே என்பார்கள். 2009இன் கல்வி உரிமைச் சட்டம் பதினேழாம் பிரிவில் உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுத்திருக்கிறது. கேள்வி முறை இல்லாமல் ஒரு பிள்ளையின் பெயரை நாற்பது பேர் பார்க்க எழுதி, அடுத்த பீரியட் வரை அழிக்காமல் வைப்பதை வேறு எதில் சேர்ப்பது? பிரம்பு போன பிறகும் பட்டியல் தங்கியதற்குக் காரணம் அது சத்தம் போடாமல் வேலை செய்வதுதான்.

வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. எங்கள் அறிவியல் டீச்சர் வெளியே போகும்போது போர்டில் ஒரு கேள்வி எழுதுவார். திரும்பி வரும்போது பெஞ்சுக்கு ஒரு பதில் வேண்டும், யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் வகுப்பில் சத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்து வகுப்பு வாத்தியார் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்ததும் உண்டு. ஆனால் அந்தச் சத்தத்தில் பாதி தாவரத்தின் வேரைப் பற்றியதாக இருந்தது. கடைசி பெஞ்சுக்காரன் முன்னால் வந்து போர்டுக்கு அருகில் நின்று கேள்வியைப் படித்துவிட்டுப் போவான். யாரும் அவனைத் தடுத்ததில்லை. அந்த நேரத்தில் எனக்கு, லீடருக்கு, எல்லாரையும் போல் பதில் தேடுவதைத் தவிர வேறு வேலை இருந்ததில்லை.

மலரில் எழுதிய நண்பர் நல்லவர். பொய் எழுதுகிறவர் அல்ல. அந்த மூலை தமக்கு ஒழுங்கைக் கற்றுத்தந்தது என்று அவர் மனதார நம்புகிறார். ஆனால் அவர் முதல் பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களைப் போலவே பேசினார், சில நாள் கூடுதலாகவே பேசினார், பெரும்பாலும் என்னோடுதான். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் பெயர் அங்கே வந்ததில்லை. எழுதியவன் நான், எனக்குத் தெரியும்.