ஷெஃபீல்டு வைஸ்

தச்சு மேசை விளிம்பில் பூட்டிய பழைய ‘ரெக்கார்டு’ பிராண்ட் 52½ வைஸைத் திறந்து மூடுவதே ஒரு சுகம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த வார்ப்பிரும்பு. தாடை 9 அங்குலம். முன்னாலுள்ள சிறு நெம்புகோலை அழுத்தினால் உள்ளே பாதி நட் திருகை விட்டு விலகும். தாடை ஒரே இழுப்பில் வந்துவிடும். என்ன அழகான யோசனை!

இந்த வைஸுக்குத் துருவைவிடப் பெரிய எதிரி மரத்தூள். கிரீஸை அப்பினால் தூள் ஒட்டிக் களிம்பாகும். பாதி நட் மரையில் சரியாக உட்காராமல், இறுக்கும்போது நழுவும். மண்ணெண்ணெய் தொட்டு, பித்தளைத் தூரிகையால் மரையைத் தேய்த்துத் துடையுங்கள். திருகுக்கு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு, வழித்தண்டுகளுக்குக் கொஞ்சம் மெழுகு, அவ்வளவுதான். தாடையின் மரப்பலகையில் மட்டும் எண்ணெய் படவிடாதீர்கள். கறை வேலை மரத்துக்கு ஏறினால், அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது.