காகிதக் கோப்பையில் ஒரு ரயில் சக்கரம்

வளைவில் ரயில் ஏன் தடம் புரள்வதில்லை என்று பத்தாம் வகுப்பில் கேளுங்கள். சக்கரத்தின் உள்விளிம்பு தடுக்கிறது என்பார்கள். விளிம்பு கடைசிக் காவல்தான். வேலையைச் செய்வது சக்கரத்தின் லேசான கூம்பு வடிவம். வழக்கமான சரிவு 20-க்கு 1. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகியவை, தனித்தனியே சுழலாதவை. வளைவில் அச்சு வெளிப்பக்கம் நகரும்போது வெளிச்சக்கரம் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். ஜோடி தானாகவே திரும்பிவிடும். என்ன அழகான யோசனை!

இரண்டு காகிதக் கோப்பைகளை வாயோடு வாய் ஒட்டி, சரிவாக வைத்த இரு குச்சிகள்மேல் உருட்டுங்கள். கொஞ்சம் கோணலாக விட்டாலும் நடுவுக்கு வந்துவிடும். அடியோடு அடி ஒட்டினால் விழுந்துவிடும். இதைக் கையால் செய்து பார்த்த பிள்ளைக்குத் தண்டவாளம் வேறு மாதிரி தெரியும்.

ஒரு சக்கரத்திலேயே இவ்வளவு யோசனை இருந்தும், ரயில்வே வேலை என்றால் பலருக்கும் டிக்கெட் கவுன்ட்டரும் டி.டி.ஆரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ரயிலை உருவாக்கும் வேலையும் உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் ரயில் பெட்டிகள் கட்டுகிறது. திருச்சி பொன்மலைப் பணிமனை ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினே செய்திருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு இங்கெல்லாம் தொழில் பழகுநர் பயிற்சி உண்டு. ஆசிரியர்களே, இந்த ஆண்டு ஒரே ஒரு பாடவேளையை அந்த இரண்டு கோப்பைகளுக்குக் கொடுங்கள்.