காகசஸ் மூஸ்: நிரூபிக்கப்படாத துணையினம்

காகசஸ் மலைகளின் வடமேற்கில், கூபான் ஆற்றையொட்டிய காடுகளில் ஒருகாலத்தில் மூஸ் மான்கள் மேய்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓயாத வேட்டையால் அவை அங்கே அற்றுப்போயின. இதில் வழக்கில்லை. அற்றுப்போனது எது என்பதில்தான் வழக்கு. 1955இல் சோவியத் விலங்கியலாளர் நிக்கொலாய் வெரெஷ்சாகின் அந்த மூஸைத் தனித் துணையினமாக்கி ‘ஆல்செஸ் ஆல்செஸ் காகசிக்கஸ்’ என்று பெயரிட்டார். உலகம் இழந்த விலங்குகளின் பட்டியலில் இன்று அது ஒரு தனிப் பெயராக நிற்கிறது. அந்த இடத்துக்கு அது தகுதியானதுதானா?

வெரெஷ்சாகினை லேசாக ஒதுக்கிவிட முடியாது. காகசஸின் பாலூட்டிகளைப் பற்றி 1959இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் ஆய்வாளர்களின் கையிருப்பு. பெயருக்குச் சாதகமான நியாயமும் வலுவானதே. பனியுகத்தில் காகசஸ் பல உயிர்களுக்குப் புகலிடமாக இருந்தது. தூர் என்னும் மலையாடு போல வேறெங்கும் இல்லாத விலங்குகள் அங்கே உருவாயின. வடக்கே ரஷ்யக் காடுகளுக்கும் காகசஸுக்கும் நடுவில் பரந்த ஸ்டெப்பிப் புல்வெளி. தனிமைப்பட்ட மூஸ் தனி வழியில் மாறியிருக்கலாம் என்பது நம்பத்தக்க ஊகம்.

ஆனால் ஊகம் சான்றாகாது. பெயர் சூட்டப்பட்டபோது அந்த விலங்கு மறைந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. சான்றாக எஞ்சியவை எலும்புகளும் மண்டையோடுகளும். மூஸைப் பொறுத்தவரை இவை வழுக்கும் தரை. வயது, தீவனம், தட்பவெப்பம் மூன்றும் அதன் உடலளவையும் கொம்பையும் மாற்றிவிடும். ஸ்காண்டிநேவியாவில் ஒரே காட்டில் அகன்ற தட்டுக் கொம்பும் வெறும் கிளைக் கொம்பும் உடைய ஆண்களைக் காணலாம்.

எலும்பால் எதையுமே நிறுவ முடியாது என்பதல்ல என் வாதம். வட அமெரிக்காவில் பனியுக முடிவில் அழிந்த செர்வால்செஸ் ஸ்காட்டியை எடுத்துக்கொள்வோம். மூஸின் உறவினமான அதன் மண்டையோடும் கொம்பும் இன்றைய மூஸிலிருந்து தெளிவாகவே விலகி நிற்கின்றன. அங்கே எலும்பே போதும். துணையினம் என்பது அதைவிட மிக நுண்ணிய வேறுபாடு. அதற்குப் பல மாதிரிகளும் மரபணுச் சான்றும் வேண்டும்.

மரபணு ஆய்வோ துணையினப் பெயர்களையே ஆட்டங்காண வைத்திருக்கிறது. கிரிஸ் ஹண்டர்ட்மார்க்கும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்று வாழும் மூஸ்களின் மைட்டோகாண்டிரிய வம்சங்கள் சுமார் 60,000 ஆண்டுகளுக்குள் ஒரே மூலத்தில் போய்ச் சேர்கின்றன. பெரிய பாலூட்டிக்கு இது குறுகிய காலம். அமெரிக்காவுக்கு மூஸ் போய்ச் சேர்ந்ததே பனியுகத்தின் கடைசிக் கட்டத்தில்தான். ஆனாலும் அங்கே நான்கு துணையினங்களுக்குப் பெயர் உண்டு. பெயர் வைப்பதில் நாம் தாராளமாக இருந்துவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

அதே மலையின் காகசஸ் காட்டெருமையை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அது உயிரோடிருந்தபோதே, 1904இல், விவரிக்கப்பட்டது. 1908இல் ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரேயொரு காளையின் வழியாக அதன் குருதி இன்றைய ஐரோப்பியக் காட்டெருமைகளில் ஓடுகிறது. காட்டில் எஞ்சியவை 1927இல் கொல்லப்பட்டன. அந்த இழப்புக்கு ஆள் அடையாளம் உண்டு. மூஸுக்கு அப்படி எதுவும் இல்லை.

ஸ்டெப்பியை அரண் என்று சொல்வதும் முழுதாக நிற்கவில்லை. மூஸ் நெடுந்தூரம் நடக்கும், நன்றாக நீந்தும், ஆற்றங்கரை மரங்களே அதற்கு வழியாகிவிடும். 20ஆம் நூற்றாண்டில் வேட்டை கட்டுப்படுத்தப்பட்டதும் ரஷ்ய மூஸ்கள் தெற்கே பரவி வட காகசஸையும் எட்டின.

ஆகவே என் தீர்ப்பு: காகசஸில் மூஸ் அழிக்கப்பட்டது உண்மை, தனித் துணையினம் ஒன்று அழிந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை. பலர் செய்வதுபோல அதை ஐரோப்பிய மூஸிலேயே சேர்ப்பதுதான் முறை. இதனால் வேட்டைக்காரர்களின் குற்றம் குறைந்துவிடாது. நடைமுறையில் ஒன்று மட்டும் மாறும்: தெற்கே வந்து சேரும் மூஸை அயல் விலங்கு என்று தடுக்கக் காரணம் இல்லை, அது தன் பழைய எல்லைக்குத்தான் வருகிறது. பழைய எலும்புகளின் மரபணு ரஷ்ய மூஸிலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்குமானால், வெரெஷ்சாகின் சூட்டிய பெயரை நான் மறுப்பின்றி ஏற்பேன்.