‘பயன்கள் யாவை?’: குழந்தைகளுக்கு எந்திரத்தைச் சொல்லித்தருவது பற்றி

தொடக்க வகுப்பில் தொழில்நுட்பம் பற்றி ஒரு பாடம் இருந்தால் அது எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பதைப் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடலாம். தொலைபேசி தூரத்தில் இருப்பவர்களோடு பேச உதவுகிறது. மின்விசிறி காற்று தருகிறது. கிரைண்டர் அம்மாவின் வேலையை எளிதாக்குகிறது. கணினி வேகமாகக் கணக்குப் போடுகிறது. பிறகு நாலு படம், கோடிட்ட இடங்கள், ஒரு ‘பொருத்துக’. கடைசியில் அந்தக் கேள்வி: பயன்கள் யாவை?

சரி, இதில் என்ன தப்பு? ஆறு வயசுக் குழந்தைக்கு வேறென்ன சொல்லித்தர முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த வாக்கியங்களின் இலக்கணத்தைப் பார்த்துவிடலாம். எழுவாய் எப்போதும் கருவிதான். மனிதர் வருவது நான்காம் வேற்றுமையில்: ‘நமக்கு’, ‘மக்களுக்கு’, ‘அம்மாவுக்கு’. வாங்கிக்கொள்கிறவராக மட்டுமே அவருக்கு அங்கே இடம். கருவியைச் செய்தவர் யார், ஓட்டுகிறவர் யார், கெட்டுப்போனால் சரிசெய்ய வருகிறவர் யார், அது வந்ததால் வேலை போனவர் யார் என்று இந்த வாக்கியங்களில் எங்கேயும் இருக்காது. வானத்திலிருந்து இறங்கிய வரம் மாதிரி கருவி இருக்கும். குழந்தை அதற்கு நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலிலும் இதே மாதிரி ஒரு வாக்கியம் உண்டு, ‘யூசர் ஸ்டோரி’ என்பார்கள். இன்னாருக்கு இது வேண்டும், இதனால் அவருக்கு இந்தப் பலன் என்று ஒரே வரி. அந்த வரியை எழுதி முடித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். இதை யார் பராமரிப்பது, ராத்திரி ரெண்டு மணிக்கு நின்றுபோனால் யாருடைய போன் அடிக்கும், பழைய முறையை நம்பி இருந்தவர் என்ன செய்வார்? நம் பாடங்கள் முதல் வரியோடு நின்றுவிடுகின்றன. தொழில்நுட்பத்தைப் பற்றிய பாடம் என்பதைவிட, நல்ல வாடிக்கையாளர் ஆவதற்கான பயிற்சி என்று இதைச் சொல்லலாம்.

*

குழந்தைகளுக்கு இதை வேறு விதமாகச் சொல்ல முடியும் என்பதற்கு இரண்டு அமெரிக்கப் படப் புத்தகங்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் பழையவை, இரண்டிலும் குறைகள் உண்டு. ஆனால் அவற்றின் குறைகளிலிருந்துகூடக் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

முதலாவது, ரிச்சர்ட் ஸ்கேரி 1968இல் வெளியிட்ட ‘வாட் டூ பீப்பிள் டூ ஆல் டே?’ (மனிதர்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்?). பூனை, பன்றி, நரி எல்லாம் சட்டை போட்டுக்கொண்டு ஊர் நடத்தும் புத்தகம். தலைப்பே கேள்வியை மனிதர்மேல் வைக்கிறது. கருவி என்ன செய்கிறது என்று அது கேட்பதில்லை. மின்சாரம் என்றால் நிலக்கரி தோண்டுவதில் தொடங்கி, மின்நிலையம் வழியாகக் கம்பியில் வீடு வந்து சேரும் வரை காட்டுகிறார். வீடு கட்டுவது, சாலை போடுவது எல்லாமே இப்படித்தான், பக்கம் முழுக்க ஆட்கள். காசு சுற்றுவதைக்கூட விடவில்லை. விவசாயி விளைந்ததை மளிகைக்காரரிடம் விற்கிறார், அந்தக் காசில் தையல்காரரிடம் உடுப்பும் இன்னொருவரிடம் டிராக்டரும் வாங்குகிறார். டிராக்டர் எங்கிருந்தோ வந்து ‘உதவவில்லை’. யாரோ விற்றார், இவர் உழைத்துச் சேர்த்த காசில் வாங்கினார்.

ஸ்கேரியின் உலகத்தில் சண்டை இல்லை, கூலித் தகராறு இல்லை, யாருக்கும் வேலை போவதில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் அதே புத்தகத்தில் அம்மாவின் வேலை முடிவதே இல்லை என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. விடிந்ததிலிருந்து இரவு வரை அந்த அம்மா ஓடிக்கொண்டே இருக்கிறாள். ஊரே எந்திரமயமான புத்தகத்தில் ஒருத்தியின் வேலை மட்டும் ஏன் முடியவில்லை? ஸ்கேரி அதை வேடிக்கையாகத்தான் வரைந்தார். கேள்வி என்னவோ நிஜமான கேள்வி.

அதற்குப் பதில் தந்தவர் வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன். 1983இல் வந்த அவருடைய ‘மோர் வொர்க் ஃபார் மதர்’, அமெரிக்க வீடுகளுக்குள் கருவிகள் வந்த கதையைச் சொல்கிறது. திறந்த அடுப்பின் இடத்தில் இரும்பு அடுப்பு வந்தது, விறகுச் செலவு குறைந்தது. விறகு வெட்டுவது ஆண்களின் வேலை, ஆகவே மிச்சமானது அவர்களுடைய உழைப்பு. ஒரே பானையில் எல்லாவற்றையும் போட்டு வேகவைத்த இடத்தில், பெண் இப்போது நாலு பண்டம் சமைக்க வேண்டியதாயிற்று. சலவை எந்திரம் வந்ததும் வெளியே சலவைக்குப் போய்க்கொண்டிருந்த துணிகள் வீட்டுக்குத் திரும்பி வந்தன. சுத்தம் என்பதன் அளவுகோலும் உயர்ந்தது. வேலையின் கடுமை குறைந்தது உண்மை, கோவன் அதை மறுக்கவில்லை. ஆனால் நேரம் மிச்சமானதா, யாருக்கு மிச்சமானது என்று கேட்டால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

நம் வீட்டு கிரைண்டருக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றிய தோள்பட்டைக்கு கிரைண்டர் என்ன செய்தது என்பதை எந்தப் பாட்டியும் சொல்வாள், அதில் சந்தேகமே வேண்டாம். அதே சமயம், பண்டிகைக்குப் பண்டிகை செய்த இட்லி தினப்படிப் பலகாரம் ஆனதும் கிரைண்டர் வந்த பிறகுதான் பல வீடுகளில் நடந்தது. மாவரைக்கும் வேலை எளிதானது, அம்மாவின் வேலையாகவே இருந்துவிட்டது. ‘கிரைண்டர் அம்மாவின் வேலையை எளிதாக்குகிறது’ என்ற வரி பொய் கிடையாது. அது ஏன் அம்மாவின் வேலை என்று கேட்கவிடாமல் பார்த்துக்கொள்கிற வரி அது. தன் வீட்டில் காலையில் நடப்பதைத் தினமும் பார்க்கிற ஒரு பெண்குழந்தை அந்த வரியைப் படித்து விடைத்தாளில் எழுதுகிறாள் என்பதுதான் இங்கே விஷயம்.

*

இரண்டாவது புத்தகம் இன்னும் பழையது. வர்ஜீனியா லீ பர்ட்டன் 1939இல் எழுதி வரைந்த ‘மைக் மல்லிகன் அண்ட் ஹிஸ் ஸ்டீம் ஷவல்’. மைக் மல்லிகனிடம் மேரி ஆன் என்று பெயர் வைத்த நீராவி மண்வாரி இருக்கிறது. இருவரும் கால்வாய் வெட்டினார்கள், மலையைக் குடைந்து ரயிலுக்கு வழி விட்டார்கள், வானளாவிய கட்டடங்களுக்கு அடித்தளம் தோண்டினார்கள். இருவர் மட்டும் இல்லை, கூட வேறு ஆட்களும் இருந்தார்கள் என்பதை பர்ட்டன் ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொல்லிவிடுகிறார். பிறகு பெட்ரோல், மின்சார, டீசல் மண்வாரிகள் வருகின்றன. நீராவி மண்வாரிகள் பழைய இரும்புக்குப் போகின்றன. நாலு வயசுக் குழந்தைக்குச் சொல்லப்படும் கதையில் தொழில்நுட்பம் காலாவதியாகிறது, பிழைப்பு போகிறது. குழந்தைகள் அதைக் கேட்டு மிரண்டுபோய்விடவில்லை. புத்தகம் இன்னும் அச்சில் இருக்கிறது.

மைக் மேரி ஆனை விட்டுக்கொடுக்காமல் பாப்பர்வில் என்ற சிற்றூருக்குப் போகிறான். அங்கே நகர மன்றத்துக்கு நிலவறை தோண்ட வேண்டும். ஒரே நாளில் முடிக்காவிட்டால் கூலி வேண்டாம் என்று பந்தயம். பொழுது சாய்வதற்குள் தோண்டி முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவசரத்தில் மேலே ஏறி வர வழி வைக்கவில்லை. மேரி ஆன் குழிக்குள் மாட்டிக்கொள்கிறது. அப்போது ஒரு சின்னப் பையன் யோசனை சொல்கிறான்: மேரி ஆன் இங்கேயே இருக்கட்டும், மேலே கட்டடம் கட்டுங்கள், அந்தக் கட்டடத்தைச் சூடாக்கும் உலையாக அது இருக்கட்டும், மைக் அதன் பராமரிப்பாளராக இருக்கட்டும். கதை அப்படித்தான் முடிகிறது.

இந்த முடிவில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. நீராவி மண்வாரி என்பது அடிப்படையில் ஒரு கொதிகலன். நிலக்கரி எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, நீராவியின் அழுத்தத்தில் பிஸ்டன் அசைகிறது, அப்புறம்தான் வாளி மண்ணை அள்ளுகிறது. குளிர்நாட்டில் கட்டடங்களுக்கு வேண்டியதும் கொதிகலன்தான். ‘மண்வாரியின் பயன் யாது? மண் அள்ளுதல்’ என்று மனப்பாடம் செய்த பையனுக்கு இந்த யோசனை வந்திருக்கவே முடியாது. அவன் கணக்கில் அள்ள முடியாத மண்வாரி வெறும் இரும்பு. அது எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே பார்த்தவனுக்குத்தான் வேறு பயன் தெரியும். இந்த முடிவை பர்ட்டனுக்குச் சொன்னவனே ஒரு நிஜப் பையன் என்பதும், புத்தகத்தில் அடிக்குறிப்பாக அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறார் என்பதும் கூடுதல் மகிழ்ச்சி.

பர்ட்டனிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. மேரி ஆன் ஒரே நாளில் நூறு பேர் ஒரு வாரத்தில் தோண்டுவதைத் தோண்டிவிடும் என்பது மைக்கின் பெருமை. அந்த நூறு பேர் என்ன ஆனார்கள்? டீசல் வந்து மேரி ஆனைத் தள்ளியதற்குக் கண்ணீர் விடுகிற புத்தகம், மேரி ஆன் வந்து தள்ளிய கைமண்வெட்டிக்காரர்களை ஒரு கணக்கு அளவாக மட்டும் வைத்திருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வேண்டிய எண்ணையும் கதையேதான் கொடுக்கிறது. ‘பயன்கள்’ பாடத்தில் அந்த நூறு பேர் எண்ணாகக்கூட வரமாட்டார்கள்.

*

தமிழில் இப்படி ஒரு பாடத்துக்குக் கதை இல்லாமல் இல்லை. ஊருக்கு ஊர் நிற்கும் அடிகுழாயை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த வார்ப்பிரும்பு குழாய்கள் மேலைநாட்டில் ஒரு பண்ணைக் குடும்பத்தின் தேவைக்காகச் செய்யப்பட்டவற்றின் நகல்கள். இங்கே ஊரே வரிசையில் நின்று காலையிலிருந்து அடித்தது. தாங்கவில்லை, உடைந்தன. யாரும் வந்து சரிசெய்யவும் இல்லை. 1970களில் சோலாப்பூரில் உருவான ஒரு வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, யூனிசெஃப் ஆதரவில், இந்தியா மார்க் 2 என்ற எஃகுக் குழாய் வந்தது. அதைச் சோதித்துப் பார்த்த இடங்களில் கோவைப் பகுதியும் ஒன்று.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பிஸ்டன் வாஷர் தேய்ந்தால் கிணற்றுக்குள் இறங்கும் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியோடு ஒரு குழு வர வேண்டும், வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டும். மார்க் 3 என்று பிறகு வந்ததில் குழாயை அசைக்காமலே பிஸ்டனை மட்டும் உருவி எடுக்கலாம். தண்ணீர் தருவதில் இரண்டும் ஒன்றுதான். உள்ளூர் ஆளே ரிப்பேர் பண்ண முடியுமா என்பதில்தான் வித்தியாசம். ‘அடிகுழாய் நமக்குத் தண்ணீர் தருகிறது’ என்ற வரிக்குள் இந்த வித்தியாசம் நுழையாது. குழாய் நின்றுபோன நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்த குழந்தைக்கு இது நன்றாகவே தெரியும். அந்தக் குழந்தை வகுப்பறைக்குக் கொண்டுவருகிற அறிவு பாடத்தில் இருப்பதைவிடப் பெரியது. பாடம் அதை வாங்கிக்கொள்வதே இல்லை.

குழந்தைக்கு இதெல்லாம் அதிகம் என்ற எதிர்வாதத்துக்கு வருகிறேன். நம் குழந்தைகள் ஏற்கெனவே ஒரு தொழில்நுட்பப் பாடம் படிக்கிறார்கள். ஆயுத பூஜை அன்றைக்கு வீட்டு சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, அரிவாள்மணைக்குச் சந்தனம் வைக்கிற குழந்தைக்கு, கருவி என்பது கவனித்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்று யாரும் விளக்கவில்லை. அது பட்டறையில் வெல்டிங் செய்கிற அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. பக்தியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அன்றைக்குக் கருவிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறார். பாடநூலில் அந்த ஆள்தான் இல்லை.

2018இல் தொடங்கி வந்த நம் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது, போனில் பிடித்தால் காணொளி வரும். நல்ல விஷயம்தான். ஆனால் புத்தகத்துக்குள் தொழில்நுட்பத்தைக் கொண்டுவருவது வேறு, தொழில்நுட்பத்தைப் பற்றி யோசிக்கக் கற்றுத்தருவது வேறு. இரண்டாவதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ‘பயன்கள் யாவை?’ என்ற கேள்விக்குக் கீழே இன்னும் மூன்று கேள்விகளை அச்சடித்தால் போதும். இதை யார் செய்தார்? உள்ளே என்ன நடக்கிறது? கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவாய்? மூன்றாவதற்கு வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் வேறு வேறு பதில் சொல்லும். சில பதில்களில் அவர்களுடைய அப்பா, மாமா, சித்தப்பாவின் பெயர் வரும். ‘சரியான விடை’ என்று ஒன்று இல்லாததால் மதிப்பெண் போடுவதில் ஆசிரியருக்குக் கொஞ்சம் சிரமம் இருக்கும். அந்தச் சிரமத்துக்கு பயந்துதான் இவ்வளவு காலமும் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டோமோ என்று தோன்றுகிறது.