உருவமும் பின்புலமும்: கொண்டையராஜுவின் ஓவியங்களை முன்வைத்து

யூத எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் பாரிஸ் இல்லச் சுவர்கள் ஓவியங்களால் நிறைந்திருந்தன. பிக்காசோ 1906இல் நிறைவுசெய்த அவரது உருவப்படத்திலோ அவற்றுள் ஒன்றும் இல்லை. பழுப்புப் பரப்பும் இருக்கையுமே உள்ளன. ஆளுமை முழுவதையும் உடலின் கனமே சுமக்கிறது.

கோவில்பட்டியில் நிலைகொண்ட சி. கொண்டையராஜு (1898–1976) பின்புலத்தை இவ்வாறு துறக்கவில்லை. நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டிய கை அவருடையது. ஆதலின் அவர்தம் தெய்வங்கள் அரங்கில் நிற்பனபோல் நம்மை நோக்குகின்றன. பின்னே அருவி, பொய்கை, பசிய மலை. சிவகாசி அச்சகங்களின் வழி இவை நாட்காட்டிகளாய் வீடுதோறும் பரவின.

மணியாச்சியிலிருந்து கோவில்பட்டி வரை இருப்புப்பாதையின் இருமருங்கும் மானாவாரிக் கரிசல். அம்மண்ணை இப்பின்புலங்களில் காண்பதரிது. மேலைநாட்டு இயற்கைக்காட்சியின் போலி என்று இவற்றை ஒதுக்குவது எளிது (‘காலண்டர் படம்’ என்பதே நம்மிடையே வசைச்சொல்தானே). ஆனால் அவ்வாறு ஒதுக்குவோர் படம் தொங்கிய சுவரைக் கருதுவதில்லை. வானம் பார்த்த பூமியின் வீட்டில், ஆண்டு முழுதும் தெய்வத்தின் பின்னே நீர் வீழ்ந்துகொண்டிருக்கிறது. இடைசெவல் கி. ராஜநாராயணனின் எழுத்தில் கரிசல் தன் பெயரோடு நிற்கிறது. கொண்டையராஜுவின் ஓவியத்தில் அதன் வேட்கை மட்டுமே பின்புலமாகியுள்ளது.